21 தீவுகள்... மிச்சம் 19!

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் நடக்கும் மீட்புப் போராட்டம்

வான் தீவுக்கு எதிரே மிதவை மேடை ஒன்று நங்கூரம் போட்டு நிற்கிறது. மேடை நிறைய சிமென்ட் கூடுகள். அடி அகன்று, தலை குறுகி, நாலாபக்கமும் பெரிதும் சிறிதுமாக ஓட்டைகள். ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. கிரேன் ஒன்றைக் கவ்வித் தூக்கி, மெதுவாகத் தண்ணீருக்குள் விடுகிறது. கீழே முக்குளிப்பவர்கள் காத்திருக்கிறார்கள். கூடு தரையைத் தொட்டதும் மணல் புகைபோல எழும்பிக் கண்ணை மறைக்கிறது. கலங்கல் அடங்கிய பிறகு, பக்கத்துக் கூட்டோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சங்கிலியைக் கழற்றுகிறார்கள். மேலே அடுத்த கூடு தயாராகத் தொங்குகிறது.

2015-ன் இறுதியில் தொடங்கிய இந்த வேலை கட்டம் கட்டமாகச் சில ஆண்டுகள் நடந்தது. மொத்தம் 10,600 கூடுகள். தூத்துக்குடிக்கு எதிரே, சிறிது நேரப் படகுப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய ஒரு குட்டித் தீவைக் கடலிடமிருந்து காப்பாற்றத்தான் இவ்வளவும். 1969-ல் சுமார் 40 ஏக்கர் இருந்த வான் தீவு, வேலை தொடங்கியபோது ஐந்து ஏக்கருக்கும் கீழே சுருங்கியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் இன்று அது வரைபடத்தில் மட்டுமே இருந்திருக்கும்.

இது கற்பனையான பயமல்ல. இந்தக் கடலில் இரண்டு தீவுகள் ஏற்கெனவே போய்விட்டன. கீழக்கரைக்கு எதிரே பூவரசன்பட்டி, தூத்துக்குடிக்கு எதிரே விலாங்குசல்லி. இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். அரசுக் குறிப்புகளில் இன்றும் 21 தீவுகள்தான். படகில் போய் எண்ணினால் 19.

காளவாசலுக்குப் போன பவளம்

தீவுகள் ஏன் கரைகின்றன என்று கேட்டால், கடல்மட்டம் உயர்கிறது என்று பதில் சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை மனிதர்கள் கடப்பாரையால் எழுதினார்கள்.

இந்தத் தீவுகள் மலைமுகடுகள் அல்ல. பவளச் சல்லியும் மணலும் சேர்ந்து உருவான மேடுகள். சுற்றிலும் உள்ள பவளப்பாறைகள்தாம், மீனவர்கள் சொல்லும் 'பார்'கள்தாம், அலையின் வேகத்தை முறித்து மணலைப் பிடித்து வைத்திருந்தன. அந்தப் பாறைகளையே பல பத்தாண்டுகள் வெட்டிப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும், கார்பைடு, சிமென்ட் ஆலைகளுக்கும், வீட்டுச் சுவருக்கும் அவை போயின. வரப்பை வெட்டிவிட்ட வயலில் மண் எப்படி நிற்கும்? பார் போன இடத்தில் அலை நேராகத் தீவில் மோதியது. மணல் போயிற்று, மரம் சாய்ந்தது, கடைசியில் தீவே போயிற்று.

உருண்டையாக வளரும் பவள வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஒரு பிற்பகலில் பெயர்த்தெடுத்த ஒரு மீட்டர் கல், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் வளர்ச்சி.

1986-ல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாகத் தமிழக அரசு அறிவித்த பிறகும் வெட்டு நின்றுவிடவில்லை. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் நிகரான இடத்தில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகுதான் கரையோர மக்களே கல்லெடுப்பதை முழுமையாகக் கைவிட்டார்கள். தீவுகளும் பார்களும் முன்னால் நின்றதால்தான் தங்கள் ஊர் தப்பியது என்ற எண்ணம் மீனவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்தது. சட்டத்தைவிட அந்த எண்ணம்தான் அதிக வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும்.

---
பெட்டிச் செய்தி: பூங்கா ஒரு பார்வையில்

இடம்: ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் கடற்பகுதி

பரப்பு: 560 சதுர கி.மீ. இதைச் சுற்றி 10,500 சதுர கி.மீ. பரப்பு 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

தீவுக் கூட்டங்கள்: மண்டபம் 7, கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4

வாழும் உயிர்கள்: 117 வகைக் கடின பவளங்கள், கடல் ஆமைகள், கடல்பசு, கடல் குதிரை, கடல் அட்டை உட்பட நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். குருசடைத் தீவின் உயிரினங்களைப் பற்றி 1927-லேயே சென்னை அருங்காட்சியகம் தனி நூல் வெளியிட்டது.

---

கூடுகள் என்ன செய்தன?

வான் தீவுத் திட்டத்துக்கு மத்திய அரசின் காலநிலைத் தகவமைப்பு நிதியிலிருந்து சுமார் 25 கோடி ரூபாய் கிடைத்தது. தமிழக வனத்துறை முன்னின்றது. கூடுகளின் வடிவமைப்பில் சென்னை ஐஐடி உதவியது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் கடலடியில் நடப்பதைத் தொடர்ந்து கண்காணித்தது.

அலையை முட்டித் தடுக்கும் சுவராகக் கூடுகளை வைக்கவில்லை. கரையில் கட்டும் தூண்டில் வளைவுகளை நம் மீனவர்கள் நன்றாக அறிவார்கள். ஒரு ஊரைக் காப்பாற்றும் அதே கல், அடுத்த ஊரின் மணலைத் தின்றுவிடும். இந்தக் கூடுகளின் ஓட்டைகள் வழியே தண்ணீர் புகுந்து வெளியேறும். அப்போது அலையின் வேகம் மட்டும் குறைகிறது. அலை சுமந்து வரும் மணல், கூடுகளுக்குப் பின்னால், தீவுப் பக்கம் படிகிறது. முன்பு பார் செய்த வேலையை இப்போது சிமென்ட் செய்கிறது.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. தீவு கரைவது நின்று, மணல் சேர்ந்து, பரப்பு மெல்லக் கூடத் தொடங்கியது. கூடுகளுக்குள் மீன்கள் குடியேறின. மிதந்து வந்த பவளக் குஞ்சுகள் சிமென்ட் முகத்தில் ஒட்டி வளர ஆரம்பித்தன. தீவுக்கும் கூடுகளுக்கும் இடையே நீர் அமைதியான பகுதியில் கடல்தாழை என்னும் கடற்புல் பரவுகிறது.

இந்தியாவில் ஒரு தீவு மூழ்கிக்கொண்டிருக்கும்போதே கைகொடுத்துத் தூக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இதைச் சாதித்தவர்களைத் தமிழ்நாடு கொண்டாட வேண்டும். ஆனால், கொண்டாட்டத்தோடு கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பத்து ஏக்கரும் எட்டாயிரம் ஏக்கரும்

சிமென்ட் கூடு போடுவது ஒரு வேலை. பவளத்தையே நட்டு வளர்ப்பது இன்னொன்று. 2002 முதல் ஆராய்ச்சி நிலையமும் வனத்துறையும் அதைச் செய்துவருகின்றன. நன்றாக வளர்ந்த பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டுகளை எடுத்து, சிமென்ட் சட்டங்களிலும் கற்பலகைகளிலும் கட்டி, அழிந்த பார் இருந்த இடத்தில் வைக்கிறார்கள். பிறகு பாசி மூடாமல், சேறு படியாமல், சட்டம் புரளாமல் மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் தண்ணீருக்கு அடியில், மூச்சுக் கலனைச் சுமந்துகொண்டு, தெளிவான நாள் கிடைக்கும்போது மட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும். அப்போது தன் கையே தெரியாது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான துண்டுகள் நடப்பட்டிருக்கின்றன. மீட்கப்பட்ட பரப்பு சுமார் 40,000 சதுர மீட்டர். வெறுந்தரையாகக் கிடந்த இடங்களில் இன்று பாதிக்குமேல் உயிருள்ள பவளம். மீன்களும் பல மடங்கு பெருகியிருக்கின்றன.

நாற்பதாயிரம் சதுர மீட்டர் என்பது பத்து ஏக்கர். கல்லெடுப்பாலும் நாசகார மீன்பிடிப்பாலும் மன்னார் வளைகுடாவில் சீரழிந்ததாக அதே ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டிருக்கும் பவளப் பரப்பு சுமார் 32 சதுர கிலோமீட்டர். அதாவது ஏறத்தாழ எட்டாயிரம் ஏக்கர்.

நட்டவர்களைக் குறைசொல்ல இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அவர்கள் செய்தது அரும்பணி. ஆனால் நட்டு நட்டே இந்தக் கடலை மீட்டுவிடலாம் என்று யாராவது மேடையில் பேசினால், இந்த இரண்டு எண்களையும் அவருக்கு நினைவுபடுத்த வேண்டும். மீதி எட்டாயிரம் ஏக்கரும் தானாகத்தான் எழ வேண்டும். எழுவதற்கு அதை யாரும் மறுபடி மிதிக்காமல் இருக்க வேண்டும்.

2016 கோடை

அந்த ஆண்டு ஏப்ரலில் கடல்நீர் சூடேறியது. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி வாரக்கணக்கில் வெப்பம் நீடித்தால் பவளத்தால் தாங்க முடியாது. தன் உடலுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசிகளை அது வெளியேற்றிவிடும். நிறம் தந்ததும் அந்தப் பாசிகள்தாம் என்பதால் பவளம் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லையென்றால் பட்டினியில் சாகும்.

2016-ல் கணிசமான பகுதி பிழைக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. 1998, 2010 ஆண்டுகளின் வெளுப்பையும் தாண்டிய கடல் இது. ஆறே ஆண்டில் அடுத்த அடி விழுந்தது.

இதில் மீட்புப் பணியையே நேராகத் தொடும் செய்தி ஒன்று இருக்கிறது. அதிகம் இறந்தவை மான்கொம்புபோலக் கிளைவிடும் வேகமான வகைகள். மெதுவாக வளரும் உருண்டைப் பவளங்கள் பெரும்பாலும் வெளுத்தும் மீண்டன. நட்டு வளர்ப்பதற்கு இதுவரை அதிகம் பயன்பட்டவையோ ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும் கிளை வகைகளே. சீக்கிரம் வளர்வது சீக்கிரம் சாகிறது. நிலைத்து நிற்பது நம் ஆயுளுக்குள் பெரிதாவதில்லை. எதை நடுவது என்பது இனி அடுத்த வெப்ப அலையை மனதில் வைத்து எடுக்க வேண்டிய முடிவு. பிழைத்த கூட்டங்களிலிருந்து துண்டெடுத்து நடுவது ஒரு வழி. அதற்கு எந்தக் கூட்டம் எந்தக் கோடையில் பிழைத்தது என்ற கணக்கு, ஆண்டுதோறும் விட்டுப்போகாமல், கையில் இருக்க வேண்டும். ஆராய்ச்சி நிலையங்களுக்கு நிதி வருவதும் நிற்பதும் திட்டக் காலத்தைப் பொறுத்ததாக இருக்கும்வரை அந்தக் கணக்கு ஆபத்தில்தான் இருக்கும்.

வெப்பத்தை ராமநாதபுரத்தில் உட்கார்ந்து குறைக்க முடியாது. கழிவைக் குறைக்க முடியும். தூத்துக்குடி நகரத்தின் கழிவைச் சுமந்து வரும் பக்கிள் ஓடை கலப்பது இந்தக் கடலில்தான். அனல்மின் நிலையத்தின் சுடுநீர் இறங்குவதும் இங்கேதான். ஏற்கெனவே காய்ச்சலில் கிடக்கும் பவளத்துக்கு இவை கூடுதல் சுமை. கழிவின் உரத்தில் பாசி செழித்து, செத்த பவளத்தின் மேல் போர்வையாக மூடிக்கொண்டால், புதிய குஞ்சு ஒட்ட இடமே இருக்காது.

பாசியால் வந்த வினையும் பாசியால் வாழும் பெண்களும்

பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த கப்பாஃபைகஸ் என்ற பாசி 1990-களில் ஆராய்ச்சிக்காக மண்டபத்துக்கு வந்தது. பிறகு குளிர்பான நிறுவனம் ஒன்று அதை வணிகப் பயிராக்கியது. இன்றும் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் ஊரில் அந்தப் பாசியைக் குறிப்பிடுகிறார்கள். உணவு, மருந்து, அழகுப்பொருள் தொழில்களுக்குத் தேவையான கராஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது. மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி வளர்த்து 45 நாளில் அறுக்கலாம். கரையோரக் குடும்பங்களுக்கு அது உண்மையான வருமானம்.

தெப்பத்திலிருந்து உடைந்த துண்டுகள் பூங்காவுக்குள் போயின. 2008-ல் குருசடைத் தீவில் இந்தப் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் பாய்போலப் படர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அடியில் இருந்த பவளம் வெளிச்சமின்றிச் செத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து வனத்துறை ஆட்களை இறக்கிக் கையாலேயே அதைப் பிய்த்தெடுத்துவருகிறது. ஒரு சிறு துண்டு தங்கினாலும் மறுபடி படரும். களை பறிக்கும் வேலைக்கு இங்கே முடிவே இல்லை.

இப்போது ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. வேலைவாய்ப்பு வேண்டும்தான். ஆனால் ஒரு அரசுத் துறை கோடிகள் செலவிட்டு வளர்க்க நினைப்பதை இன்னொரு துறை ஆள்வைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கும் நிலை வரக்கூடாது. நம் கடலின் சொந்தப் பாசிகளான மரிக்கொழுந்தையும் கஞ்சிப்பாசியையும் பயிராக்குவதில்தான் அந்தப் பணத்தின் பெரும்பங்கு போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மரிக்கொழுந்து என்றதும் சின்னப்பாலம் பெண்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி என்று இந்தக் கரை நெடுகிலும் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பவர்கள் பெண்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் இருக்கும் மரிக்கொழுந்தைக் கையால் பறித்து இடுப்புப் பையில் சேர்க்கிறார்கள். காய்ந்த பாசி வியாபாரி கைமாறி அகர் ஆலைகளுக்குப் போகிறது. கூர்மையான பவளம் கிழித்த தழும்பு இல்லாத கைகள் அவர்களிடம் குறைவு.

தேசியப் பூங்கா அறிவிப்பு வந்த நாளிலிருந்து இவர்கள் சட்டத்தின் பார்வையில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அம்மாவும் பாட்டியும் போன அதே தீவுக்குப் போனதற்காகப் படகும் வலையும் பறிபோன கதை இந்த ஊர்களில் வீட்டுக்கு ஒன்று உண்டு. ஆனால் அவர்கள் முரண்டு பிடிக்கவில்லை. தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, இரும்புத் தகடு வைத்துச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் விடுப்பு என்று கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதை வழங்கியது. தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கு உலக அளவில் தரப்படும் விருது அது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெண்களின் உரிமை எழுத்தில் உறுதியாகவில்லை. அதிகாரி நல்லவராக இருந்தால் கடலுக்குப் போகலாம். மாறினால் மறுபடி பயம். எந்தப் பார் வெளுத்திருக்கிறது, எங்கே அந்நியப் பாசி தலைகாட்டியிருக்கிறது என்பதை முதலில் பார்ப்பது அவர்களுடைய கண்கள். அந்தக் கண்களைக் கண்காணிப்புக் குழுவில் சேர்க்காமல் வெளியே நிறுத்தியிருப்பது பூங்காவுக்குத்தான் நட்டம்.

---
பெட்டிச் செய்தி: தாழையும் ஆவுளியாவும்

கடல்தாழை என்பது பாசி அல்ல. பூத்துக் காய்க்கும் தாவரம். மீன்குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் அதுதான் தொட்டில். ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடல்பசு அதை மட்டுமே நம்பி வாழ்கிறது. ஒரு நாளைக்கு முப்பது கிலோவுக்கும் மேல் மேயும்.

விசைப்படகின் இழுவலை ஒருமுறை தரையைத் தேய்த்துப் போனால் தாழை வேரோடு வந்துவிடும். அப்படிப் போன இடங்களில், சட்டங்களில் சணல் கயிறு கட்டி, அதில் தாழைக் கன்றுகளை முடிந்து கடலடியில் பதித்து மீட்கிறார்கள்.

பூங்காவுக்கு வடக்கே, பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கி.மீ. பரப்பு 2022 செப்டம்பரில் இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசு தருகிறது.

---

அடுத்த தீவு காரைச்சல்லி

வான் தீவில் கிடைத்த அனுபவம் இப்போது காரைச்சல்லிக்குப் போகிறது. 1969-ல் 20.85 ஹெக்டேர், ஏறத்தாழ 51 ஏக்கர். 2018-ல் 5.97 ஹெக்டேர், 15 ஏக்கருக்கும் குறைவு. அதன்பிறகும் தேய்ந்துவருகிறது. உலக வங்கி உதவியோடு தமிழக அரசு நடத்தும் கடற்கரை மீட்புத் திட்டத்தில் சுமார் 50 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறக்குறைய 8,500 கூடுகளை இறக்கத் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. விரைந்து நடக்க வேண்டிய வேலை இது. விலாங்குசல்லிக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்தால் தூத்துக்குடிக் கரைக்கு முன்னால் நிற்கும் காவல் இன்னும் ஒன்று குறையும்.

ஆனால் கூடு போட்ட கையோடு வேலை முடிந்துவிடாது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் நாட்டுப்படகுக்காரர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த எல்லையை இழுவலைகள் மீறுவது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கடலடியை இழுவலை சுரண்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பவளம் நடுவதால் பயன் கொஞ்சம்தான். பாசி எடுக்கும் பெண்ணை மடக்கும் ரோந்துப் படகு, இழுவலைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். 61 நாள் தடைக்காலம் முடிந்த மறுநாளே மீன்பாட்டைக் கொண்டாடும் படங்களைப் பார்க்கிறோம். அந்த மீன்களில் எத்தனை இந்தப் பார்களிலும் தாழைகளிலும் குஞ்சாக வளர்ந்தவை என்பதை மீன்வாங்கும் நாமும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்ட வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை உங்கள் சட்டமன்ற உறுப்பினரோ மாவட்ட ஆட்சியரோ மக்களைச் சந்திக்க வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பக்கிள் ஓடைக் கழிவு முழுமையாகச் சுத்திகரிக்கப்படுவது எந்த ஆண்டில்? கரையோர எல்லையை மீறிய விசைப்படகுகளில் எத்தனை மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது? பாசி எடுக்கும் பெண்களின் உரிமை அரசாணையாக எப்போது வெளிவரும்? பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.